பதினான்கு மீட்டரில் ஒரு ஸ்பீக்கர்

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. காலை 5.15க்கு எழுந்தேன். மாடியில் வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்தேன், பூஜ்யம். அந்த வரிசையில் அது முப்பத்து நான்காவது பூஜ்யம். 5.40க்குப் பால் வாங்கினேன். 6.10க்கு மனைவியும் நானும் காப்பி குடித்தோம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் குச்சிகளின் நீளத்தையும் முனை மருந்தின் கனத்தையும் சரிபார்ப்பது என் வேலை. அன்று விடுப்பு எடுத்திருந்தேன். காரணம் என்று டைரியில் ஒரே சொல் எழுதியிருக்கிறேன்: ரிசீவர்.

டிவியிலிருந்து வரும் ஒலியை வாங்கி, பிரித்து, தனித்தனி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். அதுவரை அப்படி ஒன்றை நான் தொட்டதுகூட இல்லை. ஆசைப்பட்டு வாங்கக் கிளம்பவுமில்லை. என் மனைவி பத்தொன்பது வருஷம் நூற்பாலையில் நின்றவள். வலது காதை ஆலையிலேயே விட்டுவிட்டு வந்தாள். இடது காது பாதி கேட்கும். ஞாயிறு மதியம் படம் பார்க்கும்போது முன்பெல்லாம் “என்ன சொன்னான்?” என்று கேட்பாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் அடுத்ததைச் சொல்லியிருப்பான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் சிரித்தால், என் முகத்தைப் பார்த்து அரை விநாடி கழித்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த அரை விநாடியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாற்பத்தொரு நாள் படித்து ஒரு நோட்டை நிரப்பியதில் தெரிந்தது இது: படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். ரிசீவர் இருந்தால் நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கூட்டிக்கொள்ளலாம். பதினொன்றுக்குப் பதினான்கு அடி அறைக்கு வாட்ஸ் ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் வாட்ஸ்தான் என் மச்சினனுக்கு எல்லாம். மனைவியின் தம்பி, மைக்செட் வைத்திருக்கிறான். கழுகுமலையிலிருந்து எட்டயபுரம் வரை கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவன்தான். அவனைக் கூப்பிடாமல் ஒலி சம்பந்தமாக ஒரு ஒயர் வாங்கினாலும் மூன்று மாதம் வீட்டுப் பக்கம் வரமாட்டான். ஆடிக் கொடைகள் முடிந்து இரண்டாம் நாள் என்பதால் அவனும் சும்மா இருந்தான். 8.20 பேருந்தில் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம்.

“எத்தன வாட்ஸு அத்தான் பாக்கிய?”

“எண்பது போதும்.”

“எண்பதா? எங்குழாய் ஒண்ணுக்கே காணாதே. ஆரு கேப்பா?”

“ஒங்க அக்காதான் கேக்கணும், மாப்ள.”

“அக்கா மட்டும் கேட்டா போதுமா? தெரு கேக்காண்டாமா?”

கடைக்காரர் எங்களை ஒரு கண்ணாடி அறைக்குள் சோபாவில் உட்காரவைத்து முதல் ரிசீவரைப் போட்டார். பாட்டு தொடங்கியதும் மச்சினன் எழுந்து வெளியே போனான். சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் நின்று, இங்கே திரும்பி, கையை மேலே மேலே தூக்கினான். கூட்டச் சொல்கிறான்.

கடைக்காரர் குழம்பிப்போனார். “இவிய எங்க போறாவ, அண்ணாச்சி?”

“கேட்டுப் பாக்கப் போயிருக்காரு.”

“கேக்கதுக்கா? அதுக்குத்தான இங்கன சோபா போட்டுருக்கு.”

கொடைக்குக் குழாய் கட்டுகிறவர்கள் அப்படித்தான். கட்டிய இடத்தில் நின்று கேட்பதில்லை. ஊர் எல்லைக்குப் போய் அங்கே கேட்கிறதா என்று பார்ப்பார்கள். அவன் கதவைத் திறந்துவைக்கச் சொல்லி இன்னொரு முறை போய்வந்து அறிக்கை கொடுத்தான். “ஒரு எழவும் கேக்கல அத்தான். சரக்கு சரியில்ல.”

கடைக்காரர் முகம் சுருங்கியது. நான் நோட்டில் அந்த ரிசீவருக்கு நேராக ஒரு டிக் போட்டேன். இரண்டாவதற்கு, “இது பரவால்ல, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வருது” என்றான். அதை நோட்டில் கோடு போட்டு அடித்தேன். மூன்றாவதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவர அவனுக்கு ஆறு நிமிஷமாயிற்று. அவ்வளவு தூரம் போயிருக்கிறான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதையும் அடித்தேன். நாற்பத்தொரு நாள் நோட்டு தீர்க்காததை மச்சினனின் கால்கள் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்தன. அவன் திட்டிய பெட்டியையும் அதற்கு ஐந்து ஸ்பீக்கர்களையும் வாங்கினேன். வாங்குமுன் பெட்டியின் உயரத்தை அளந்தேன். எங்கள் டிவி மேசைத் தட்டில், சூடு போக மேலே நான்கு அங்குலம் விட்டு உட்காரும்.

மாலை 4.30க்கு ஒயர்களை இணைத்து முடித்தோம். நடு ஸ்பீக்கரை மேசையின் கீழ்த்தட்டில் வைத்து, அடியில் மடித்த அட்டை கொடுத்து மேல்நோக்கிச் சாய்த்தேன். அளவுநாடா பிடித்தேன்: என் நாற்காலியிலிருந்து 2.7 மீட்டர்.

கடைசியாகச் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. பெட்டியோடு பொத்தான் காளான் அளவுக்கு ஒரு குட்டி மைக் வரும். அதை நாம் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு வைத்துவிட்டு, அறையில் யாரும் பேசாமல் இருக்கவேண்டும். பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ‘பீய்ங்’ என்று ஒரு ஒலி கொடுத்து, அது மைக்குக்கு வந்து சேருவதைக் கொண்டு தூரத்தைத் தானே கணக்கிடும். இதை மச்சினனிடம் இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினான். நான் பொத்தானை அமுக்கினேன்.

இருபத்தாறு வருஷப் பழக்கம். கண்ணெதிரே ஒரு மைக் இருக்கிறது. குனிந்தான். விரலால் இரண்டு தட்டு தட்டினான். ஃபூ, ஃபூ என்று ஊதினான்.

“ஹலோ. மைக் டெஸ்ட். ஒன், டூ, த்ரீ. ஹலோ.”

பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரையில் எழுதியது: நடு ஸ்பீக்கர், 14.4 மீட்டர். எங்கள் வீட்டின் மொத்த நீளம் 9.5. அந்தக் கணக்குப்படி ஸ்பீக்கர் அடுத்த வீட்டைத் தாண்டி வாறுகால் சாக்கடையில் கிடந்தது.

“பாத்தியளா அத்தான், பதினாலு மீட்டர்! எண்பது வாட்ஸுன்னு கொறச்சலா நெனச்சிட்டேனே.”

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். “ஏலே, வாயப் பொத்திக்கிட்டு வாசல்ல போய் நில்லுலே.”

அடுத்த முறை அவன் வாசலில் நின்றான். பெட்டி 2.7 என்றது. அளவுநாடாவும் அதுவும் ஒத்துப்போனதில் எனக்கு ஏற்பட்ட பெருமையை டைரியில் இரண்டு கோடிட்டுக் காட்டியிருக்கிறேன். நடு ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி, ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டு, அவளைக் கூப்பிட்டேன். அவள் வந்து உட்கார்ந்தாள். வசனம் அறையில் ஒருவர் பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது.

“கேக்குதா?”

“கேக்குது” என்றாள், கேள்வி முடிவதற்குள்.

ஐந்தாவது நிமிஷம் ஒரு இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அரை விநாடி கழித்து.

மச்சினன் சத்தத்தைக் கூட்டினான். அவள் இடது காதைப் பொத்திக்கொண்டாள். “சத்தம் எல்லாம் வருதுலே. என்ன பேசுதாவன்னுதான் தெரியல.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அந்தச் சின்ன மைக்க எங்கன வச்சிய?”

“நாற்காலியில. காது உயரத்துக்கு. நூத்தி நாலு சென்டிமீட்டர்.”

“ஆரு காது?”

அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். அவள் என்றைக்கும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வலது தோளைச் சுவரில் சாய்த்து, தரையில்தான் உட்காருவாள். அப்போதும் அப்படித்தான் இருந்தாள். அட்டை கொடுத்து நான் சாய்த்த ஸ்பீக்கர் அவள் தலைக்கு மேலே என்னிடம் பேசிக்கொண்டிருந்தது. யாருக்காக வாங்கினேனோ அவளை விட்டுவிட்டு எனக்கு அளந்திருக்கிறேன்.

மச்சினன் தன் செருப்பைத் தேடினான். “நான் நாலு தெருவுக்குக் கேக்க வைக்கேன். நீங்க ஒரு ஆளுக்குப் பிசகிட்டிய, அத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

உடனே மறுபடி அளக்கலாம் என்றேன். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பெட்டி அதையும் அளந்துவிடும், காலையில் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு. காலை 5.05. முதல் வேலையாக அவளைச் சுவரோரம் வழக்கம்போல உட்காரச் சொல்லி, தரையிலிருந்து அவள் இடது காது வரை அளந்தேன்: 69 சென்டிமீட்டர். குட்டி மைக்கை அந்த உயரத்தில் வைத்தேன். “அசையாத” என்றேன். “நீங்க பேசாதிய” என்றாள்.