குரல் போன வாரத்தில் மந்தைவெளி

ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முந்தைய வாரம், தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் புதிய பில்லிங் மென்பொருள் போட்டு ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் போய் இதைச் செய்வதுதான் என் வேலை. ஈரோட்டிலிருந்து இரவு ரயில். சென்ட்ரலில் இறங்கும்போதே தொண்டையில் கரகரப்பு. எத்தனையோ ஊர்களில் தங்கியிருக்கிறேன். நினைவில் நிற்பது விடுதி அறைகளின் சுவர்கள் மட்டும்தான்.

தி.நகரில் அறை கிடைக்கவில்லை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மந்தைவெளியில் ஒரு வீட்டு மாடியில் கிடைத்தது. ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். மெட்ரோ வேலைக்குத் தோண்டிய சாலைகளைச் சுற்றிச் சுற்றி வந்த ஓட்டுநர், "நேத்து இருந்த ரோடு இன்னிக்கு கீதான்னு பாத்துதான்மா போணும்" என்றார். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

முதல் நாள் கடையின் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு மேல் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் காலை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. தெருமுனை டாக்டர், "ஒரு வாரம் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது" என்றார்.

செய்தியைக் கைப்பேசியில் தட்டிக் கடை முதலாளியிடம் காட்டினேன். திருநெல்வேலிக்காரர், கடையில் எல்லாருக்கும் அண்ணாச்சி. "வெள்ளிக்கிழமை புது சாப்ட்வேர் ஓடியாகணும்லா மேடம்? வேற ஆளு வருவாங்களா?" என்றார். எங்கள் அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை. தள்ளிப்போட்டால் அடுத்த வாரமும் இங்கேதான். நினைத்தாலே அழுகை வந்தது.

அப்போதுதான் புடவைப் பிரிவின் விற்பனைப் பெண் ரஹ்மத் வந்தார். ராயப்பேட்டைக்காரர், என் வயதுதான் இருக்கும். முதல் நாள் அதிகம் கேள்வி கேட்டவர். "மேடம் சொன்னது எனக்கு ஞாபகம் கீது அண்ணாச்சி. நான் சொல்லித்தரேன். தப்பா சொன்னா மேடம் கைய ஆட்டட்டும்."

அப்படித்தான் நடந்தது. நான் ஓரமாக நின்றேன். ரஹ்மத்தின் குரல் பாட்டையும் தாண்டிக் கேட்டது. "கஸ்டமர் பொடவைய திருப்பிக்கினு வந்தா இன்னா பண்ணுவ? மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிக்காத. மொதல்ல பழைய பில்ல ஸ்கேன் பண்ணு." அந்த வாரம் நான் கையை ஆட்டியது மிகச் சில தடவைதான்.

பேச முடியாதவளை யாரும் போனில் கூப்பிடுவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காலை நேரம் முழுவதும் எனக்குக் கிடைத்தது. ஆறு மணிக்கு மந்தைவெளித் தெருக்கள் ஏதோ சின்ன ஊர்போல இருக்கின்றன. கேட்டில் தொங்கும் பையில் பால் பாக்கெட், பாதி போட்ட கோலம், இஸ்திரி வண்டியில் கரி பற்றவைக்கும் புகை. கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் மயிலாப்பூர் குளம். திரும்பி வந்தால் வீட்டுக்கார மாமி காப்பியோடு நிற்பார். "நீங்க பேசவே வேண்டாம். நான் பேசிண்டிருக்கேன், கேளுங்கோ" என்பார். சொன்னபடியே செய்தார்.

வியாழன் மதியத்தோடு பயிற்சி முடிந்தது. பாலவாக்கத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போன ரஹ்மத் என்னையும் அழைத்துக்கொண்டார். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்கினோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தங்கை வேலையிலிருந்து வரும்வரை கடற்கரையில் உட்கார்ந்தோம். கூட்டமே இல்லை. ரஹ்மத் செருப்பைக் கழற்றி அலையில் காலை நீட்டினார். இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன.

"பதினாலு வருஷமா நின்னுக்கினே கீறேன் மேடம். பில் போடற எடத்துல நாற்காலி கீது, பாத்தீங்களா? அதுக்குத்தான் இவ்ளோ கேள்வி கேட்டேன். போன வருஷமே அண்ணாச்சிகிட்ட கேட்டேன். டிகிரி இருந்தாதான் அந்த சீட்டாம்."

நானும் செருப்பைக் கழற்றினேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக ஓடியது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம். "ஒரு பட்டுப் பொடவை எடுத்துக்கிடுங்க மேடம்" என்றார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"ரஹ்மத்தை பில்லிங்ல உக்கார வைங்க, அண்ணாச்சி."

துணி கிழிவதுபோல ஒரு சத்தம். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். புடவைப் பிரிவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அதுக்கு டிகிரி..." என்று இழுத்தார். அந்த நேரம் பார்த்து பில்லிங்கிலிருந்து ஒரு பெண், "ரஹ்மத் அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்!" என்று கூப்பிட்டாள். அண்ணாச்சி பிடரியைச் சொறிந்துகொண்டார். "எல்லாரும் அவளைத்தான கூப்புடுதாவ. சரி, நாளையிலேருந்து உக்காரட்டும்."

ரஹ்மத் நன்றி சொல்லவில்லை, திட்டினார். "டாக்டர் பேசக்கூடாதுன்னாரு இல்ல? இன்னா மேடம் நீங்க!" கண் மட்டும் கலங்கியிருந்தது.

தி.நகரில் வேலையாகப் போகிறவர்கள் மந்தைவெளியிலோ மயிலாப்பூரிலோ அறை பாருங்கள். ஆட்டோ ஏறும் முன் எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலவாக்கத்துக்கு வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். அலை இழுக்கும், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊர் ஊராகத் திரியும் என் அலுப்பு தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் சென்னை என்றால் இனி அறையின் சுவர் நினைவுக்கு வராது.

ஊர் திரும்பி, குரல் ஓரளவு வந்த பிறகு ஒரு மதியம் ரஹ்மத் போன் செய்தார். பின்னால் ஆடிக் கூட்டத்தின் இரைச்சல். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உக்காந்துக்கினு பேசறேன் மேடம்" என்றார்.