சித்தி படித்த ஜப்பானிய நாவல்

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ஒத்தாசையாக வந்த சித்தி, அவன் தவழ ஆரம்பித்த பிறகும் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் எங்கள் அபார்ட்மென்டிலேயே இருந்தாள். சென்னையில் எம்.எஸ்ஸியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். ஏன் விட்டாய், எப்போது முடிப்பாய் என்று அப்பா தினமும் கேட்பார். சித்தி சோபாவில் காலை நீட்டி லைப்ரரிப் புத்தகம் ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள்.

அப்படி அவளைப் பிடித்துக்கொண்டது ஒரு ஜப்பானிய நாவல். எழுதியவளுக்கும் சித்தி வயதுதானாம். வேலையை உதறிய ஒரு பெண் டோக்கியோவில் காபிக் கடை காபிக் கடையாகப் போய் உட்கார்ந்திருப்பாள், வீட்டுக்குப் போகமாட்டாள். எனக்குத் தலை பின்னும்போது சித்தி அதைத் தமிழில் சொல்வாள். எட்டு வயதில் எனக்கு ஒரே சந்தேகம்தான்.

"வை டஸன்ட் ஷி கோ ஹோம்? அவ அம்மா கெட்டவங்களா?"

"இல்லடி, ரொம்ப நல்லவங்க. அதான் கஷ்டம்."

அட்டையில் இருந்த ஜப்பானிய எழுத்தைப் பார்த்த அப்பா, மைத்துனி ஜப்பானிய மொழி கற்கிறாள் என்று தானே முடிவுகட்டி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். போதாததற்கு, டோக்கியோவிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஒருவரை ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட அழைத்துவந்தார். அம்மா காரம் குறைத்துச் சாம்பார் வைத்தாள். நாலு வார்த்தை பேசிக்காட்டச் சொன்னார் அப்பா. புத்தகத்துக்கு உள்ளே எல்லாம் இங்கிலீஷ்தான் என்றாள் சித்தி. அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

விருந்தாளி புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். தன் மகளின் அறையிலும் இது இருக்கிறது என்றார். அவள் காலேஜை விட்டுவிட்டுத் தோழி வீட்டில் இருக்கிறாளாம். போன் செய்தால் எடுப்பதில்லையாம். தானும் படித்துப் பார்த்ததாகவும், இந்தப் பெண்களுக்கு என்னதான் வேண்டும் என்று விளங்கவில்லை என்றும் சித்தியிடம் மெதுவாகச் சொன்னார்.

சித்தி தட்டைப் பார்த்தபடியே அவரிடம் சொல்லவேண்டியதை அப்பாவிடம் தமிழில் சொன்னாள்.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்க அத்தான். எதுவும் கேக்காம யாராவது கொஞ்ச நேரம் கூட உக்காந்தா போதும்."

அப்பா அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து, நடுவில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். விருந்தாளி தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவரை ஹோட்டலில் விட்டுவிட்டு வந்த அப்பா, சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார். சித்தி காலை மடக்கி இடம் விட்டாள். டிவி ஓடவில்லை. இருவரும் பேசவில்லை. ஜப்பானிய மொழி தெரியாததற்காக அப்பா அவளோடு காய் விட்டுவிட்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சண்டையைத் தீர்த்துவைக்க இருவருக்கும் நடுவே ஏறி உட்கார்ந்து, ஏன் பேசமாட்டேனென்கிறீர்கள் என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.