நடுவில் ஒரு மஞ்சள் பிடி

தை மாதத்து விடியலில் மணல்மேட்டில் வெறுங்காலோடு ஏறினால் மேல்மணல் சில்லென்று பாதத்தைச் சுடும். கணுக்கால்வரை புதைந்ததும் உள்ளேயிருக்கிற ஈரம் வெதுவெதுவென்று, யாரோ கீழேயிருந்து பிடித்த மாதிரி, காலைப் பற்றிக்கொள்ளும். என் கால் அதை இன்னும் மறக்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது, கல்கத்தாவில் சால்ட் லேக் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். சதுப்பு நிலத்தைத் தூர்த்து ஊர் கட்டுவதற்காக ஆற்று மணலைக் கொண்டுவந்து, மீன் வளர்க்கும் பெரிய ஏரி ஒன்றின் கரையில் மூன்று மாடி உயரத்துக்குக் கொட்டி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் அதை "பாலிர் பாஹாட்" என்பார்கள், மணல் மலை. வேலை தேடி எங்களிடம் வந்திருந்த அம்பி மாமா, அம்மாவின் ஒரே தம்பி, தினமும் காலையில் அதன் உச்சிவரை நடந்துவிட்டு வருவார். கார்த்திகையில் ஒருநாள் போனவர் திரும்பி வரவில்லை. அப்பா போலீசில் எழுதிக் கொடுத்தார். ஏரியில் வலை போட்டுத் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், மாமா செருப்பில்லாமல்தான் போவார்.

பொங்கலுக்கு மறுநாள் கணு. உடன்பிறந்தவன் நன்றாயிருக்க வேண்டுமென்று பெண்கள் முதல்நாள் சாதத்தை மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகப் பிசைந்து, பிடி பிடியாக இலையில் வைத்துக் காக்கையைக் கூப்பிடும் நாள். மஞ்சள் இலைக்குக் கல்கத்தாவில் எங்கே போவது, எங்களுக்கு வாழையிலைதான். நடுவில் ஒரு மஞ்சள் பிடியை மட்டும் அம்மா கொஞ்சம் பெரிதாக உருட்டுவாள்; அது "அம்பியோடது". எப்போதும் மொட்டைமாடியில் வைப்பவள், அந்த வருஷம் மணல்மேட்டில்தான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"பிடி வெச்சாலும் அதே காக்காதான், பிண்டம் வெச்சாலும் அதே காக்காதான். அதுக்கு என்னடி தெரியும்?" என்று அப்பா எரிந்து விழுந்தார். சொன்ன பிறகு அவருக்கே வாய் கூசியிருக்க வேண்டும். டார்ச் லைட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

பனி அப்படியொரு பனி. ஏரி இருந்த இடமே தெரியவில்லை, அழுகிய பாசியின் வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது. பாதி மேடு ஏறியதும் அம்மா நின்றாள். எங்களுக்கு முன்னால், மேலே போகும் ஒற்றை ஆளின் காலடித் தடங்கள். வெறுங்கால், புதிதாகப் பதிந்தவை. இறங்கிவந்த தடம் எங்கும் இல்லை. அம்மா குனிந்து ஒரு தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. "அவனுக்கு இடது கால் சுண்டுவிரல் பதியாது" என்றாள். நானும் பார்த்தேன். பதியவில்லை.

தடங்கள் உச்சியில் ஏரிப்பக்க விளிம்புவரை போய் நின்றுவிட்டன. அதற்கு அப்பால் வெள்ளைப் பனிதான். அம்மா இலையை விரித்துப் பிடிகளை வைத்துவிட்டு "அம்பீ" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள். பிறகு நாங்கள் இருவரும் "கா, கா" என்று தொண்டை வறளக் கத்தினோம். பேப்பர் போடுபவரின் தலையைக்கூட விடாத சால்ட் லேக் காக்கைகளில் அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அடிவாரத்துக்கு வந்த பிறகு, டார்ச்சை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் மட்டும் மறுபடி ஏறினேன். டார்ச்சை வேண்டுமென்றேதான் விட்டு வந்திருந்தேன். வழியெல்லாம் எங்கள் இருவருடைய தடங்கள் இருந்தன. அந்த மூன்றாவது தடத்தை மட்டும் காணவில்லை. காற்றும் இல்லை. நடுவிலிருந்த மஞ்சள் பிடியை எடுத்து நாலு வாயில் விழுங்கினேன். பல்லில் மணல் நறநறத்தது. முதுகுக்குப் பின்னால் மணல் மெதுவாகச் சரிந்தது, உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொள்கிற மாதிரி. திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன்.

"அம்மா, அம்பி மாமாவோடதைக் காக்கா எடுத்துண்டு போயிடுத்து!"

அம்மா புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "எடுத்துண்டுதா? நல்லதுடி" என்றாள்.

அதற்குப் பிறகு முப்பது கணு வந்து போயின. பெஹாலா வீட்டுக்கு மாறிய பின்பும் நடுவிலே அந்தப் பெரிய பிடி இல்லாத இலையை நான் பார்த்ததில்லை. என் பொய்யை நம்பித்தான் அம்மா இத்தனை காலம் ஏமாந்திருக்கிறாள் என்ற குற்றவுணர்ச்சி தாங்காமல், போன கணுவன்று அவள் சாதம் பிசையும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா நிமிரவே இல்லை. "தெரியும்டி. உன் வாயோரத்துல மஞ்ச சாதம் ஒட்டிண்டிருந்தது. நான்தானே துடைச்சு விட்டேன்."

"அப்புறம் ஏம்மா வருஷா வருஷம் வெக்கறே?"

"வெக்கலேன்னா அவன் இல்லேன்னு ஆயிடுமே."

மணல்மேட்டை எப்போதோ வாரிப் பள்ளங்களில் நிரப்பிவிட்டார்கள். ஏரியும் மணலுக்கடியில் போய்விட்டது. மேலே கண்ணாடி ஆபீஸ்கள் நிற்கின்றன, எனக்குத் தெரிந்தவர்களே அங்கே வேலை பார்க்கிறார்கள். அம்மா ஆடியில் போனாள். ஒரு வருஷத்துக்கு வீட்டில் பண்டிகை இல்லை, கணுப்பிடியும் இல்லை. இந்தக் கணுவன்று விடியலில் பால்கனிக் கம்பியில் காக்கைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. நான் கதவைத் திறக்கவில்லை.