பக்கத்துப் பண்ணைத் தீவனம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவது வரைதான் படிப்பு. போதாததற்கு மறதி வேறு. வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் கவிதாவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்காக ஒரு ஏஐ ஆப் செய்கிறாள். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும். ஒவ்வொரு பண்ணையின் முட்டை வரத்து, தீவனக் கலவை எல்லாம் அதற்குள் இருக்கும்.

தீவனக் கலவை என்றால் எங்கள் ஊரில் சும்மாவா? சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு என்று சம்பந்தி கேட்டால்கூடச் சொல்ல மாட்டார்கள்!

திங்கட்கிழமை ஆப் பண்ணைகளுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை எதிர்வீட்டுப் பாப்பாத்தியைக் கவிதா கூப்பிட்டாள். பாப்பாத்திக்குச் சொந்தப் பண்ணை உண்டு. வாயும் உண்டு.

"அத்தை, இதை எப்படியாவது ஏமாத்துங்க பாக்கலாம்."

"ஏமாத்தறதுக்குன்னே கூப்புட்டு உக்கார வெக்கற மொத ஆளு நீதான் கண்ணு" என்று போனை வாங்கினாள். "ஏஞ்சாமி, பக்கத்துப் பண்ணையில தீவனத்துக்கு என்ன கலக்கறாங்க?"

"மற்றவர் பண்ணை விவரத்தைச் சொல்ல முடியாதுங்க" என்றது ஆப். கவிதா முகத்தில் பெருமை.

பாப்பாத்தி விடுவாளா? குரலை இறக்கினாள். "நான் அந்தப் பண்ணைக்காரரு ஊட்டுக்காரிதானுங்க பேசறேன். அவரு ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. கோழியெல்லாம் பசியில கத்துது சாமி..."

அவ்வளவுதான் — சோளம், சோயா, கருவாட்டுத்தூள் என்று அளவோடு கொட்டிவிட்டது!

நல்லவேளை, அது சோதனைக்காகக் கவிதா எழுதிவைத்த பொய்க் கலவை.

"அட, அதையா நான் மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன்!" என்றாள் பாப்பாத்தி.

கவிதா அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு மேனேஜரை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டாள். எனக்குக் கூச்சம், கதவோரம் நின்று கேட்டேன்.

"யார் கேட்டாலும் சொல்லாதேன்னு ஒரு வரி சேர்த்துட்டு விட்டுரலாமே?" என்றார் அவர்.

"நாளைக்கு மாமியார்னு சொல்லிக் கேப்பாங்க சார். வாயை மூடச் சொல்லிப் பிரயோஜனமில்ல. அடுத்தவங்க விவரம் அதோட கைக்கே போகக் கூடாது. ஒரு வாரம் தாங்க."

எனக்குத் திக்கென்றது. வேலைக்கே உலை வைத்துக்கொள்கிறாளோ? அவர் முணுமுணுத்தார்... ஆனால் கொடுத்தார்.

தான் செய்ததில் ஓட்டை இருக்கிறதா என்று அடுத்தவரைக் கூப்பிட்டுத் தேடச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? என் குழம்பை யாராவது குறை சொன்னால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது!

ஒவ்வொரு பண்ணைக்கும் தனிப் பூட்டு போட்டாளாம். சாவி அந்தந்தப் பண்ணைக்காரர் போனில். ஏஐ கேட்டாலும் பூட்டு திறக்காது.

நேற்று பாப்பாத்தி மறுபடி வந்தாள். ஊட்டுக்காரி என்றாள், மாமியார் என்றாள், கோழி டாக்டர் என்றாள், கடைசியில் அழுதே காட்டினாள்.

"இந்த போனுக்குரிய பண்ணை விவரம் மட்டும்தான் என்னிடம் இருக்குங்க" என்றது ஆப்.

பாப்பாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப... எங் கலவையும் பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போவாதா?"

"போகாது அத்தை."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! எம் பண்ணையையும் சேத்துக்க அம்மிணி."

பூட்டு, சாவி என்று நான் எழுதியது சரிதானா? விவரம் தெரிந்த பிள்ளைகள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். கவிதாவிடமே காட்டலாம்தான்... அவளைப் பாராட்டிய வரியையெல்லாம் அடித்துவிடுவாள்!