உருளை பிடிக்கிறவர்

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்ததும் அவர் மொட்டைமாடியில் மனைவிக்குச் சற்றுப் பின்னால், காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, நூல் உருளையின் இரண்டு முனைகளையும் கைக்குழந்தையைத் தாங்குவதுபோலத் தாங்கிக்கொண்டு நிற்பார். அந்தக் கையிலிருந்து போகும் நூல் இன்றுவரை ஒரு தடவைகூட நின்றதில்லை. காற்றுக்கே நூல் வேண்டுமென்றால் அவரிடம்தான் வந்து கடன் கேட்கும். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். தள்ளுபடி போக முக்கால் பங்காவது தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் விடுவது மனைவி. அது உயரப் போனால் அவள் பேர், அறுந்து விழுந்தால் இவர் தலை. ஆள் குள்ளம், எந்தப் பக்கம் பார்த்தாலும் உருண்டை. தெருப் பிள்ளைகள் "உருளைக்கிழங்கு மாமா" என்பார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். "கிழங்கு மண்ணுக்குள்ளதான் இருக்கும், செடிதான் வெளியில ஆடும்" என்று தானே அதற்கு உரையும் எழுதிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பட்டத்தைத் தானே விட்டுப் பார்த்தார். அது நேராகப் போய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் குளித்தது. அன்றோடு உருளைக்கு வந்தவர்தான்.

மாடியில் அவர் வானத்தைப் பார்ப்பதே இல்லை. மனைவியின் வலது முழங்கையைத்தான் பார்ப்பார். அது உள்ளே மடங்கினால் நூலைச் சுற்ற வேண்டும், வெளியே நீண்டால் விட வேண்டும். "ரெண்டு பேரும் மேல பார்த்துக்கிட்டு நின்னா, மாடியிலேருந்து விழுறத யாரு பார்க்கிறது?" என்பார்.

தொழில், லிஃப்ட் ஓட்டுவது. ஆறு மாடிக் கட்டடத்தில், கட்டடத்தைவிட வயதான ஒரு லிஃப்ட். மாடி வந்து சேரும்வரை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் நடுவழியில் நின்றுவிடும். இத்தனை வருடமாக அமுக்கி அமுக்கி அவருடைய வலது கட்டைவிரல் நுனி புளியங்கொட்டை மாதிரி காய்த்துப்போயிருக்கிறது. தலையணையானாலும் பழமானாலும் புதிதாக வாங்கிய செருப்பானாலும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார். லிஃப்டில் கூட்டம் நெருக்கினால், "மேல போறவங்க மட்டும் ஏறுங்க. கீழ போறதுக்கு லிஃப்ட் எதுக்கு, படியே தள்ளிவிடும்" என்பார். தினமும் கேட்கிறவர்களும் சிரித்துவைப்பார்கள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நெட்டை, விசில், வெயிலில் வாடாத உடம்பு. வீட்டுக்குள் "என்னங்க" என்றுதான் கூப்பிடுவாள். மாடிப்படி ஏறியதும் அந்த "ங்க" கீழேயே தங்கிவிடும். "விடு. விடு. சுத்து. என்ன தூங்கறியா?" இவரும் மாடியில் தான் கணவன் என்பதை வற்புறுத்துவதில்லை.

இவர்கள் மாடிக்கு எதிரே ஒரு பேக்கரி. பேக்கரியைத் தாண்டினால் இன்னொரு மொட்டைமாடி. அங்கே பட்டம் விடுகிறவர் டீச்சரின் கூடப்பிறந்த அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு உருளை பிடிப்பது அவர் மனைவி, நர்ஸ்.

அண்ணனும் தங்கையும் பேசி மூன்று வருடம் ஆகிறது. அண்ணன் வீட்டு விருந்தில், நாலு பேர் நடுவில் அவர் பெருமையாகச் சொன்னார்: "இவளுக்குப் பட்டம் விடக் கத்துக்கொடுத்ததே நான்தான்."

"பொய். நானாக் கத்துக்கிட்டது."

"அப்ப உனக்கு உருளை யாரு பிடிச்சா?"

"உருளை பிடிச்சவன்லாம் வாத்தியாராயிடுவானா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த உருளைக்காரருக்கு அந்த வார்த்தை தொண்டையில் சிக்கியது. மச்சானுக்கு அது நெஞ்சிலேயே சிக்கிவிட்டது. அன்றோடு போக்குவரத்து நின்றது. நல்லது கெட்டதுக்குக்கூட ஆள்விட்டுத்தான் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் இரண்டு மாடியிலும் பட்டம் ஏறும். பேக்கரிக்கு மேலே, ரொட்டி வாசனைக்கு நடுவில், இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒன்று அறுந்து விழும்வரை நால்வரும் இமைக்க மாட்டார்கள்.

கண்ணாடித்தூள் தடவிய நூலை இரண்டு வீட்டாரும் தொடுவதில்லை. அது கழுத்தறுக்கும் என்று பள்ளியில் பிள்ளைகளை மிரட்டுகிறவள் மாடியில் அதைத் தொட முடியுமா? வெறும் பருத்தி நூல்தான். அதில் சண்டையின் சட்டம் ஒரே வரி: ஓடுகிற நூல் நிற்கிற நூலை அறுக்கும். சிக்கிக்கொண்டதும் இருவரும் நூலை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். யாருடையது முதலில் நிற்கிறதோ அவர் பட்டம் போயிற்று. அப்படிப் பார்த்தால் வெற்றி தோல்வி விடுகிறவர் கையில் இல்லை, உருளை பிடிக்கிறவர் கையில்தான் இருக்கிறது. இது நாலு பேருக்கும் தெரியும். இரண்டு பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு சமயம் டீச்சர் வாராவாரம் வரிசையாக ஜெயித்தாள். அடுத்த ஞாயிறு எதிர்மாடி காலி. அதற்கடுத்த ஞாயிறும் காலி. அவள் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெற்று மாடியையே பார்த்தபடி நின்றாள். "காத்து சரியில்ல" என்றாள். கொடியில் காய்ந்த இவருடைய சட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேக்கரியில் போட்டது அதே காற்றுதான். இவர் சட்டையை வாங்கி வரப் போனார். அந்த வாரம் முழுக்க அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டதாகக் கேள்வி.

மறுபடி மச்சான் மாடியேறிய நாளில், பட்டங்கள் சிக்கியதும், உருளைக்காரரின் கட்டைவிரல் தானாக இறங்கி உருளையைத் தொட்டது. கண்ணிமைக்கிற நேரம்தான். நூல் நின்றது, அறுந்தது. எதிர்மாடியில் மச்சான் வேட்டையாடி வந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். டீச்சர் நூலைத் திட்டினாள், நூல் விற்றவனைத் திட்டினாள், இரண்டு நாள் இவர் தட்டில் உப்பே இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் மாடியில் நின்றாள். மச்சானும் வந்தார்.

அதிலிருந்து இவருக்குக் கணக்கு பிடிபட்டது. தோற்றால் இவள் கட்டாயம் வருவாள். ஜெயித்தால் மச்சான் கட்டாயம் வருவார். ஆகவே தராசு ஒரேயடியாகச் சாயாமல் அவ்வப்போது விரலை வைத்தார். மனைவிக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தோற்றதை அவள் பொறுத்துக்கொள்வாள். சொந்த வீட்டுக்காரனே தோற்கடித்தான் என்றால் உருளையோடு அவரையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுவாள்.

அந்த நர்ஸ் வேலை பார்ப்பது இவர் கட்டடத்து நாலாவது மாடியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி, பெரிய பெரிய மனிதர்களையெல்லாம் கண்ணை மூட வைக்கிறவள். தினமும் இவர் லிஃப்டில்தான் ஏறுவாள். வெயிலைப் பேசுவார்கள், முழங்கால் வலியைப் பேசுவார்கள். பட்டத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். உருளை பிடிக்கிறவர்கள் எதிர்க்கட்சியோடு அதைப் பேசுவது முறையாகாது.

ஒரு நாள் அவள்தான் முறையை மீறினாள்.

"அண்ணா, அடுத்த வாரம் நாங்க வீடு மாத்துறோம். கடைப் பக்கத்துலயே கிடைச்சிருக்கு. ஊருக்கு அந்தக் கோடி."

"மாடி இருக்கா, தங்கச்சி?"

"இருக்கு. அங்கேருந்து நம்ம தெரு தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "அண்ணா, லிஃப்ட் நின்னுடுச்சு" என்றாள்.

அவர் கட்டைவிரல் பொத்தானை விட்டு எழுந்திருந்தது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், ஒரு செங்கல் சுவரைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள்.

வீட்டில் சொன்னார். டீச்சர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போகட்டும். கையப் பிடிச்சு நிறுத்தறது யாரு?" என்றாள். பிறகு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒரு புதுப் பட்டம் செய்தாள். பட்டத்தின் நெஞ்சில் கட்டுகிற சூத்திரக் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், தூக்கிப் பார்ப்பதும் மறுபடி அவிழ்ப்பதுமாக இருந்தாள். சமையல் இவர் செய்தார்.

ஞாயிறு மாடியேறும்போது அவர் எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டார். இவள் தோற்றால் அந்த முள் இவளுக்குள் வாழ்நாள் முழுக்கக் கிடக்கும். மச்சான் தோற்றால், போன இடத்திலிருந்து திரும்பியும் பார்க்க மாட்டார். அடுத்த வாரம் என்ற ஒன்று இருந்தவரைதான் விரலுக்கு வேலை. இனி அதற்கு அங்கே என்ன உரிமை? உருளையின் முனைகளை உள்ளங்கையில் தாங்கி, இரண்டு கட்டைவிரல்களையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டார்.

பட்டங்கள் சிக்கின. "விடு" என்றாள். உருளை சுழன்றது. "விடு, விடு." நூல் ஓடியது, அவர் தொடவில்லை. எதிர்மாடியிலிருந்து மச்சானின் "விடு விடு"வும் அதே தாளத்தில் கேட்டது. பட்டங்கள் சிறுத்து, ஊருக்கு வெளியே இரண்டு புள்ளிகளாகின. இரண்டு நூலும் ஓடிக்கொண்டே இருந்தால் எது எதை அறுக்கும்? உருளை மெலிந்தது. இத்தனை வருடத்தில் அவர் பார்த்தேயிராத அதன் மரக்கட்டை வெளியே தெரிந்தது. கடைசி முடிச்சு சுண்டி நின்றது.

"தீர்ந்துபோச்சு" என்றார்.

"எது?"

"நூல்."

எதிரே நர்ஸும் தன் வீட்டுக்காரரிடம் அதையே சொல்வது தெரிந்தது. உருளைக்காரர் முதல் தடவையாக முழங்கையிலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பக்கம் பார்த்தார். நகப்பூச்சு காயவைக்கிறவள்போல நர்ஸ் இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கி வைத்திருந்தாள். அவள் பார்வை இவர் விரல்கள்மேல் இருந்தது. தன் மனைவி ஜெயித்த ஞாயிறுகளையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

இரண்டு நூலும் ஒரே நேரத்தில் தீர்ந்து விறைத்து நின்றன. யார் இழுத்தாலும் ஒன்று அறும்.

"ஏய், இழுத்துடாத" என்று பேக்கரிக்கு மேலாக வந்தது அண்ணன் குரல்.

டீச்சர் அசையவில்லை. "இழுக்கலைன்னு சொல்லு" என்றாள் கணவனிடம்.

"இழுக்கலையாம், மச்சான்."

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சுத்தணும்னு சொல்லுங்க, மாப்பிள்ளை."

"அது எனக்குத் தெரியாதா? நீ ஒழுங்காச் சுத்து" என்று டீச்சர் நேரே அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். இடையில் ஆள் தேவைப்படவில்லை.

பொழுது மங்குவதற்குள், ஒன்றோடொன்று பின்னிய பட்டங்கள் பேக்கரி மாடியில் வந்து விழுந்தன. "தட்டு காய வச்சிருக்கேன், மிதிச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரர் கதவைத் திறந்துவிட்டார். நாலு பேரும் சிக்கலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இந்தச் சூத்திர முடிச்சு நான் கத்துக்கொடுத்தது" என்றார் அண்ணன்.

"நானாக் கத்துக்கிட்டது."

"அப்ப உருளை யாரு பிடிச்சா?"

"நீதான் பிடிச்ச. இப்ப இந்த நுனியப் பிடி."

பிடித்தார். நாலு பேரும் நகத்தால் சிக்கலைக் கிளறினார்கள்.

"புது வீட்டு மாடியில காத்து வருமா?" என்று நூலிடம் கேட்டாள் டீச்சர்.

"வரும். எதிர்லதான் ஆள் இல்ல."

"ஒரே மாடியில ரெண்டு பேர் நின்னு விடக் கூடாதா?"

"விடலாம். அடிதடிக்கு இடம் பத்தாது."

"அண்ணி பக்கத்துல இருக்காங்க இல்ல, கட்டுப் போட?"

உருளைக்காரருக்கு உள்ளே ஏதோ இளகியது. இளகினால் அவருக்கு வாய் நிற்காது. வெற்று உருளையை மடியில் உருட்டியபடி சொன்னார்: "ஒண்ணு சொல்றேன் மச்சான். என் கையிலேருந்து போற நூல் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நின்னதில்ல."

டீச்சர் சிக்கலிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நின்னிருக்கு" என்றாள். "நான் தோத்த ஞாயித்துக்கிழமை எல்லாம் நின்னிருக்கு."

மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ், தன் இரண்டு கட்டைவிரல்களையும் மெல்ல மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.