கையும் வாயும் அசந்த பிறகு

இன்னாசியை அறிந்த பெருமக்களே, இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று கடல்மேல் ஆணையாக முதலிலேயே உறுதி கூறுகிறேன். என் சொல்லை நம்பிக் கெட்டவர்கள் இந்தக் கரையில் வேம்பார் முதல் மணப்பாடு வரை பரவிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. எனக்குத்தான் இந்த முறை சற்று வலித்தது.

சென்ற மாதம் ஒரு காலையில் அவன் மனைவி பிலோமினா போன் செய்தாள்.

"அண்ணே, அவிய போயிட்டாவ."

"எங்கன போனான்?" என்று கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைதான் வந்தது.

மீன் ஏலம் போடும் சவரிக்கு நான்தான் முதலில் சொன்னேன். "சவரி, இன்னாசி செத்துட்டாம்ல."

"ஏலே தொம்மை, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? போன வாரம் அவனத் திமிங்கிலம் முழுங்கிட்டுன்னு சொன்ன. அதுக்கு முந்துன வாரம் துபாய் ஷேக்கு தத்தெடுத்துட்டாருன்ன. போன வையில, யாவாரம் கெடக்கு."

இன்னாசி வேலை பார்த்த பிளக்ஸ் கடைக்குச் சொன்னேன். "சிரிப்பு வரல அண்ணாச்சி, வேற சொல்லுங்க" என்றார் முதலாளி. ஒரு வருடமாக அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அறிந்தவர்கள்கூட என் வாயிலிருந்து வந்ததால் நம்பவில்லை. கடைசியில் அந்தப் பெண்பிள்ளையே அழுகையை நிறுத்திவிட்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லவேண்டியதாயிற்று. நாற்பது வருடக் கூட்டாளியின் சாவைச் சொல்லக்கூட அருகதையில்லாத வாய் என் வாய்.

அவனைத் தெரியாதவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். இன்னாசி பகலில் முத்தையாபுரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாண மாப்பிள்ளைகளைச் சிவப்பாக்கினான். சாயங்காலம் திரேஸ்புரத்துப் படகுகளில் படம் வரைந்தான். திருவிழா மேடைகளில் என்னோடு ஏறிச் சிரிக்கவைத்தான். மிச்ச நேரத்தில் கதை எழுதினான். மிச்ச நேரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் துப்பறிந்ததில், அவன் வீட்டில் மட்டும் ஒரு நாளுக்கு முப்பது மணி நேரம் என்று தெரியவந்தது. தூத்துக்குடியில் மற்றவர்களுக்கு நேரம் போதாமல் இருப்பதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

அவன் ஜோக்குக்குப் பரீட்சை வைக்கும் இடம் மீன் ஏலக்கூடம். அதிகாலை வள்ளங்கள் வந்து இறங்கியதும், சவரி சீலா மீனுக்கு விலை கூவிக்கொண்டிருக்கும்போது, இவன் கரித்துண்டால் சிமெண்டுத் தரையில் எதையாவது கிறுக்குவான். பிறகு சவரியின் காதருகே போய் அந்தப் படத்துக்கு ஒரே ஒரு வரி சொல்வான். சவரிக்கு விலை தடுமாறிவிட்டால் ஜோக் தேறியது. தடுமாறவில்லை என்றால் ஐஸ் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவிவிடுவான். தேறியது மேடைக்குப் போகும். மேடையிலும் தேறியது கதையாகும். "ஒன்னால சீலா மீனு சாளை வெலைக்குப் போயிட்டுல, நாசமாப் போவான்" என்று சவரி ஏசுவார். ஒரு முறை அவர் சிரித்த சிரிப்பில் ஏலத்துக்குக் கிடந்த நண்டுகள் எல்லாம் தாமாகவே கடலுக்குள் நடந்து போய்விட்டன. யாரும் தடுக்கவில்லை, தடுக்கும் நிலையில் யாரும் இல்லை.

படகு விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு படகுக்காரர் முகப்பில் மிக்கேல் சம்மனசு, அதாவது வானதூதர், படம் கேட்டார். காலடியில் பசாசு கிடக்க, மேலே வாளோடு சம்மனசு நிற்கவேண்டும். இன்னாசி வரைந்தான். படகை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்து தீர்த்தத்தைத் தெளிக்கும்போதுதான் கூட்டம் கவனித்தது, பசாசின் முகம் அச்சு அசலாகப் படகுக்காரரின் மச்சினன் முகம். இரண்டு வீட்டாரும் துடுப்பைத் தூக்கிவிட்டார்கள். அந்த மச்சினன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். படத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தான். எட்ட நின்று பார்த்தான்.

"ஏலே இன்னாசி, மூக்கு இம்புட்டுப் பெருசால இருக்கு எனக்கு? கொஞ்சம் கொறச்சு வையி. கொம்பு இருக்கட்டும், அது நல்லாருக்கு."

சண்டை அங்கேயே முடிந்தது. மறுநாள் இன்னாசி மூக்கைக் குறைத்து வைத்தான். அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க வருகிறவர்களுக்கு இன்றும் அந்தப் படகைத்தான் காட்டுகிறார்கள் என்று கேள்வி.

இப்படிச் சிரிப்பாகவே அவன் காலம் போகவில்லை. மதுரையில் ஓவியக் கண்காட்சி நடத்திய ஒருவர் அவன் படங்களைப் பார்த்துவிட்டு, "பார்த்தால் சிரிப்பு வருகிறதே, இதை எப்படி மாட்டுவது?" என்றார். சென்னையில் ஒரு டிவிக்காரர், "பேச வந்த ஆளுக்குக் கையில் எதுக்கு சார் கரி?" என்றார். ஒரு பத்திரிகை ஆசிரியர், "கதை நன்று, ஓரத்துப் படங்களை நீக்கி அனுப்புங்கள்" என்று எழுதினார். ஓவியர்களுக்கு அவன் கோமாளி, கோமாளிகளுக்கு எழுத்தாளன், எழுத்தாளர்களுக்குப் பெயிண்டர். எந்த வாசலில் போய் நின்றாலும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள்.

அந்த டிவிக்காரரைப் பார்த்துவிட்டு இருவரும் ரயிலில் திரும்பினோம். மணியாச்சி வந்தபோது, அவனை உற்சாகப்படுத்த, அந்த டிவிக் கட்டடத்தின் மேல் இந்நேரம் இடி விழுந்திருக்கும் என்றேன்.

"அசந்துட்டேம்ல தொம்மை" என்றான்.

"அப்ப ஏதாவது ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததை விட்டுத் தொலையேம்ல."

அவன் ஜன்னலுக்கு வெளியே உடைமரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கை அசந்தா வாயி வேல பாக்கும். வாயி அசந்தா கை பாக்கும். ரெண்டும் அசந்துட்டுன்னா உக்காந்து எழுதுவேன். மூணையும் நான் பெருமைக்கா வச்சிருக்கேன்? மாத்தி மாத்திச் சாஞ்சுக்கிடத்தான்ல."

போன வருடம் பக்கவாதம் வந்து அவன் வலது பாதியைச் சாய்த்தது. கால் இழுத்தது. வலது பக்கத்து முகம் தொங்கிப்போனது. பேச்சு, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஆனது. அவன் சொல்வது பிலோமினாவுக்கு மட்டும்தான் புரிந்தது. அவளும் அதைத் தனக்குச் சாதகமாகவே மொழிபெயர்த்தாள். அவன் டீ கேட்டால், "கஞ்சி கேக்காவ" என்பாள். அவன் இடதுகைக்காரன் என்பது ஒன்றுதான் ஆறுதல். வரைகிற கை தப்பித்துக்கொண்டது. எங்களோடு பேச ஒரு சிலேட்டு வைத்துக்கொண்டான்.

திருவிழாவுக்குக் கொடியேறப் போகும் சமயம், அந்தச் சிலேட்டில் எழுதி என்னிடம் நீட்டினான். "மேடை ஏறுதோம். நான் வரைவேன். நீ பேசு."

நான் மறுத்தேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினான். "பாவம்னு ஒருத்தன் சிரிச்சாலும் எறங்கிருவேன். அதோட சரி."

வாசல்வரை வந்து பிலோமினா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, சும்மா சொல்லல. சனம் இவியளப் பாத்து 'உச்' கொட்டிட்டுன்னு வையிங்க, வீட்டுக்கு வந்து செவுத்தப் பாத்துப் படுத்துருவாவ. பெறகு எந்திரிக்கமாட்டாவ. நீங்கதான் எப்பிடியாச்சும் சிரிக்க வைக்கணும்."

பெரிய பொறுப்பு. அவன் எழுதிக் கொடுத்த வரிகளை நான் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் பேசிக் காட்டினேன். அதில் ஒன்று சிரித்துச் சிரித்து முட்டையிடுவதையே மறந்தது. மேடை தயார் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா அன்று சாயங்காலம் கோயில் மைதானம் நிறைந்திருந்தது. அவனைக் கைத்தாங்கலாக ஏற்றி, வெள்ளைத்தாள்கள் அடுக்கி மாட்டிய பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். நான் மைக்கைப் பிடிக்கும் முன்பே விழாக் கமிட்டி அறிவிப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "பேச்சிழந்தும்... கால் இழந்தும்... இதோ நம் முன்னே... நம் அன்புக் கலைஞர்..." என்று நீட்டி, தேம்பி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். போயிற்று. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். நான் முதல் ஜோக்கைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாவதைச் சொன்னேன். எங்கிருந்தோ "உச்" என்று ஒரு சத்தம் வந்தது. மூன்றாவதுக்கு ஒரு நாலைந்து பேர் சிரித்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போகிற வீட்டில் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. இன்னாசி படிக்கட்டைப் பார்த்தான். கூட்டத்துக்குள் பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள்.

நான் இதுவரை கண்ணால் கண்டும் நம்பாத சங்கதி அடுத்து நடந்தது. அவன் காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தான். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி அதன் சுவிட்சை அணைத்தான். பலகைக்குப் போய்ப் புதுத்தாளைத் திருப்பிப்போட்டுக் கரியை எடுத்தான். நாலே இழுப்பு. அறிவிப்பாளரின் முகம். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள். அவற்றிலிருந்து கண்ணீர் பெருக்கெடுத்து ஓடியது. கீழே திரேஸ்புரத்துப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். முதல் இருவரும் குடுமிபிடிச் சண்டையில் இருந்தார்கள். படத்துக்கு அடியில் எழுதினான்:

"ஏளா, குடத்த எடுத்துட்டு ஓடியா! இன்னைக்குத் தண்ணி வந்துட்டு!"

ஐந்து நாளைக்கு ஒரு தரம் வரும் தண்ணீருக்குக் குழாயடியில் அடிபட்ட சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முதலில் சவரிதான் வெடித்தார். அப்புறம் முந்தானை பிடித்திருந்த பெண்களே, "அது ஒன்னதான்ளா வரஞ்சிருக்கான்", "போடி, அந்தக் கொண்டையப் பாரு, அது நீதான்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அறிவிப்பாளர் சிரித்துச் சிரித்து நிஜமாகவே கண்ணீர் விட்டார். "பிடிங்கடி குடத்த!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு மைதானத்தைத் தாண்டியது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் சேர்ந்து சங்கு ஊதின. கொழும்புக்குப் புறப்பட்ட ஒரு தோணி காற்றில்லாமல் இந்தச் சிரிப்பிலேயே போய்ச் சேர்ந்தது.

பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவன் என்னை எந்த மேடையிலும் பேசவிடவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை. இந்தக் கரையிலேயே பெரிய வாயை மேடையில் நிறுத்தி, அதைச் சும்மா வைத்திருந்தான். அதற்கும் சனம் சிரித்தது. இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து படுக்கும்வரை இப்படியே ஓடியது. இந்த முறை இடது கையும் போனது. சாய்ந்துகொள்ள அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அடக்கத்துக்குப் பிறகு சவரியும் நானும் ஏலக்கூடத்துப் பக்கம் போனோம். தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். "ஏதாவது சொல்லுல" என்றார் சவரி. எனக்கு ஒன்றும் வரவில்லை. பொய் சொல்வதற்கும் உடம்பில் ஒரு தெம்பு வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

இன்னாசியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ரயிலில் அவன் சொன்னதைத்தான். எனக்குப் படம் வராது. என் வாய் அசந்துவிட்டது. அசராமல் இருந்தாலும் யாரும் நம்பப்போவதில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். சாய்ந்துகொள்ள முடிகிறது. கொஞ்சம்.

நண்டுகள் நடந்து போகவில்லை, பெருமக்களே. கோழி ஒழுங்காக முட்டையிட்டது. கப்பல் எதுவும் ஊதவில்லை. மைதானத்தில் அன்றைக்கு நான் சொன்ன அளவுக்குக் கூட்டமும் இல்லை. பின்பாதியில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அந்த நண்டு, கோழி, கப்பல் எதையும் நீங்கள் நம்பவேண்டாம். ஆனால் அந்தப் படத்தை வரைந்து முடித்துக் கரியைக் கீழே போட்டுவிட்டு அவன் சனத்தின் பக்கம் திரும்பினான். வலது பாதி முகம் அசையவில்லை. இடது பாதி மட்டும் சிரித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.