ஒன்பது துண்டுத் துணி

புதியம்புத்தூரில் ரெடிமேடு முதலாளிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் போடுவது லேசு. கூட்டத்தில் உருப்படியாக ஒரு முடிவெடுப்பதுதான் உயிரை வாங்குகிற வேலை. அந்த வேலையை ஒரே காலைப்பொழுதில் செய்துகாட்டியவள் வெயிலம்மாள். சும்மா சொல்லவில்லை, கேளுங்கள்.

புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். வாக்கப்பட்டு வந்த புதிதில், சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா வேலையில் உட்கார்ந்தாள். அப்புறம் காலர், பிறகு முழுச்சட்டை என்று படிப்படியாக ஏறி, 2003-இல் பத்து மிஷின் ஓடுகிற சொந்த யூனிட்டுக்கு முதலாளி. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. வாய் மட்டும் வக்கீலுக்குப் படித்தது.

அவளோடு சேர்த்து ஒன்பது யூனிட்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கோவில்பட்டியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வருஷாவருஷம் பள்ளிச் சீருடை ஆர்டர் கொடுக்கும்; ஒன்பது பேரும் பங்குபோட்டுத் தைப்பார்கள். தலைவர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி. ஊருக்கு முதல் தையல் மிஷினைக் கொண்டுவந்த மனுஷர். அவர் துணி வெட்டினால் நூலளவு பிசகாது.

கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? அண்ணாச்சி தொண்டையைச் செருமி, "என்னவே, முடிச்சிரலாம்லா?" என்பார். எட்டுத் தலையும் ஆடும். "முடிச்சிரலாம் அண்ணாச்சி!" அவ்வளவுதான், டீ வந்துவிடும். பிறகு மாடிப்படியில் இறங்கும்போதுதான் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் நிஜம் விழும். "எங்கன முடிக்க? எங்கிட்ட நாலு மிஷின் படுத்துக் கிடக்கு" என்பார் ஒருவர். அதை மேலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்ல மாட்டார்கள். கௌரவம்!

அந்தக் கௌரவம் போன வருஷம் சந்தி சிரித்தது. தலையாட்டி வாங்கிய ஆர்டரில் இரண்டாயிரம் செட் பள்ளிக்கூடம் திறக்கும் நாள்வரை போய்ச் சேரவில்லை. ஜவுளிக்கடை மேனேஜர் வேன் பிடித்து வந்து, நடுத்தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார். தன் பங்கை ஒன்று குறையாமல் கொடுத்திருந்த வெயிலம்மாளும் தலைகுனிந்துதான் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு வந்த அழுகை கோபத்தில் வந்த அழுகை.

இந்த வருஷம் ஏப்ரலில் மேனேஜரிடமிருந்து போன். கேட்பது பன்னிரண்டாயிரம் செட். "நாப்பது நாள்ல எவ்வளவு முடியும்னு நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள சொல்லணும். சொன்னதுல ஒண்ணு குறைஞ்சாலும் இனி உங்க ஊரு வாசல மிதிக்க மாட்டேன்." ஆர்டர் போனால் ஒன்பது யூனிட்டும் வெறிச்சோடும். வெயிலம்மாளை நம்பி மிஷினில் உட்காரும் பத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? அவளுக்கு அதுதான் கவலை.

மறுநாள் பத்து மணிக்குக் கூட்டம். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறக்குமுன் வெயிலம்மாள் எழுந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இன்னைக்கு நீங்க கடைசியாப் பேசுங்க."

கிட்டு என்கிற சின்ன முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது. அவள் பாட்டுக்கு ஆளுக்கொரு துண்டு நீலத்துணியும் தையல் சாக்கட்டியும் கொடுத்தாள்.

"பேரு வேண்டாம். உங்க யூனிட்ல ஒரு நாளைக்கு மெய்யாலுமே எத்தனை செட்டு வெளிய வரும்? அதை மட்டும் எழுதி, மடிச்சு இந்தப் பட்டன் டப்பாவுல போடுங்க."

"எனக்கே சீட்டா, பிள்ள?" அண்ணாச்சியின் முகம் சிவந்தது. "நான் சொன்னா போதாதாக்கும்?"

"போன வருசம் நீங்க சொன்னீங்க, நாங்க தலையாட்டுனோம். தெருவுல பேரு கெட்டது ஒம்போது பேருக்கும்லா அண்ணாச்சி? தப்பு உங்க மேல மட்டும் இல்ல. நிசத்தச் சொல்லாத எங்க மேலயுந்தான்."

அண்ணாச்சி சாக்கட்டியை எடுத்தார். அதைக் கைக்குள் உருட்டிவிட்டு, எழுதிப் போட்டார்.

அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள். நாற்பது. முப்பத்தைந்து. இரண்டு துண்டில் முப்பது. இரண்டில் இருபத்தைந்து. இருபது. பதினைந்து. கடைசித் துண்டில் ஒரு முட்டை.

"யாருவே இது, வெளையாடுதது?" என்று இன்னொரு யூனிட்காரர் லிங்கராஜ் எகிறினார்.

"யாருன்னு கேக்கதுக்கா பேரில்லாம எழுதச் சொன்னேன்? உக்காருங்க."

"என்னோடதுதான்வே." அண்ணாச்சி கையைத் தூக்கினார். "தைக்குத பயலுவ எல்லாம் திருப்பூருக்குப் போயிட்டானுவ. மூணு மாசமா மிஷினுக்கு எண்ணெய் விட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கேன். தலைவரா இருந்துக்கிட்டு எப்படிச் சொல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. வெயிலம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றாகியிருந்தது.

"ஆளு போனா என்ன, உங்க கை எங்க போச்சு? எட்டு யூனிட்டுக்கும் நீங்களே வெட்டிக் குடுங்க. நாங்க தையல மட்டும் பாப்போம். சம்மதமா?"

"வெட்டிருதேன்" என்றார் அவர். ஒரே சொல்தான். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

ஒரு நாளைக்கு இருநூற்று இருபது. நாற்பது நாளைக்கு எண்ணாயிரத்து எண்ணூறு. கரண்ட் போகும், யாருக்காவது காய்ச்சல் வரும் என்று எண்ணூறைத் தள்ளினாள். எட்டாயிரம். பட்டன் வாங்குவது யார், இஸ்திரிக்கு யார், என்றைக்குள் என்று அவரவர் வாயாலேயே சொல்லவைத்தாள். அது முடியும்வரை யாரும் படியிறங்கவில்லை. பதினொன்றே முக்காலுக்குப் போன் போட்டாள்.

"பன்னெண்டு கேட்டா எட்டுங்கீங்களே!" என்றார் மேனேஜர்.

"எட்டுன்னா எட்டு சார். ஒண்ணு குறையாது."

குறையவில்லை. பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போதே எட்டாயிரமும் லாரி ஏறிவிட்டது. அண்ணாச்சி வெட்டிய துணியில் ஒரு பாவாடைகூடத் திரும்பி வரவில்லை.

ஜூன் மாதம் மேனேஜரே நேரில் வந்தார். இந்தமுறை கத்துவதற்கு அல்ல. தீபாவளி ஆர்டர் கொடுக்க. நேரே அண்ணாச்சியிடம் போய், "தலைவரே, எத்தனை உருப்படி முடியும்?" என்று கேட்டார்.

அண்ணாச்சி கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. முகவாயால் எதிர்த்த வாசலைக் காட்டினார்.

"தலைவரு நான்தான். ஆனா முடிவு வேணும்னா அந்தா இருக்காகள்லா வெயிலம்மா, அவியளக் கேளும்."